காலால் மிதிக்கும் கானப் பெட்டி

மன்னார்த் தீவுக்கு வருபவர்கள் பெருக்க மரத்தைக் கண்டு வியப்பார்கள். வீதியிலே சாவதானமாக நிற்கும் கழுதைகளைக் கண்டு சிரிப்பார்கள். நாம் இவ்வாரம் சொல்லப் புகுந்த பொருளோ ஒரு கைக்குள் அடங்கிவிடும். பேசாலையில், எமது தங்கையின் வீட்டுத் திண்ணையில், இரண்டு மாலைப்பொழுதுகளில் உருவான ஓர் அலுமினியப் பெட்டி அது.

மின்சாரக் கிற்றார் வாசிப்போரின் காலடியில் சிறு பெட்டிகள் கிடப்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். 'பெடல்' என்பது அவற்றின் பெயர். கிற்றாரிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் மின்குறிப்பை நடுவழியில் மறித்து, அதன் உருவத்தை மாற்றி அனுப்புவதே அவற்றின் வேலை. காலால் ஒருமுறை மிதித்தால் நாதம் கரகரக்கும்; மறுமுறை மிதித்தால் பழைய குரல் திரும்பிவிடும்.

இந்தக் கரகரப்பு பிறந்த கதை வேடிக்கையானது. 1961 இல் வெளிவந்த மார்ட்டி ரொபின்ஸ் என்பாரின் பாடலொன்றை அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பதிவுக்கருவியின் ஒரு பகுதி பழுதாகி, கிராடி மாட்டின் வாசித்த ஆறுதந்தி பேஸ் கிற்றாரின் நாதம் கிழிந்த துணிபோல் வந்தது. எறிந்துவிடவேண்டிய பதிவு, ஆயினும் கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அங்கிருந்த பொறியியலாளர் கிளென் ஸ்னொடி, அதே பழுதை வேண்டும்போது உண்டாக்கும் ஒரு பெட்டியை ஆக்கினார். 1962 இல் அது 'மேஸ்ட்ரோ பஸ் டோன்' என்ற பெயருடன் கடைக்கு வந்தது. 1965 இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் பாடலொன்றில் முழங்கிய பின்னர், அதைக் கேளாத நாடில்லை.

எமது இலங்கையிலும் கிற்றாருக்கு வரவேற்புக் குறைந்திருந்ததில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசை பாடிய காலத்தில் அது தமிழர் வீட்டு விறாந்தைகளிலும் ஏறிவிட்டது. கருவிகளைத் தாமே பொருத்திப் பார்ப்பதும் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1925 இல் ஆரம்பித்த கொழும்பு வானொலிக்கு முன்னோடியான பரீட்சார்த்த ஒலிபரப்பை, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளைக் கொண்டே எட்வேட் ஹாப்பரும் தந்தித் திணைக்களத்தாரும் நடத்தினார்கள்.

பேசாலைக்குத் திரும்புவோம். உயர்தர வகுப்பில் பௌதிகம் பயிலும் எமது மருமகன் தன் சேமிப்பையெல்லாம் கொடுத்து, வெளிநாட்டிலிருந்து பெடல் உதிரிப்பொதி ஒன்றை வரவழைத்திருந்தான். துளையிட்ட பெட்டி, சுற்றுப்பலகை, தடையிகள், கொள்ளளவிகள், இரண்டு திரான்சிற்றர்கள், மிதியாளி ஆகிய யாவும் அதற்குள் இருந்தன. தங்கைக்கு இது சற்றும் பிடிக்கவில்லை.

"அண்ணை, சோதினைக்கு எட்டு மாசந்தான் கிடக்கு. இந்த விளையாட்டு இவனுக்கு என்னத்துக்கு? நத்தார் இரவுக்கு முன்னம் இது பாடாட்டி, கிற்றாரைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைச்சிடுவன்; சோதினை முடியத்தான் கீழே இறங்கும்."

சொன்னால் செய்பவள் அவள். நாமும் துணைக்கு உட்கார்ந்தோம்.

பொதியிலிருந்தது 1966 இல் இலண்டன் ஆபிற்றர் கம்பனியார் வெளியிட்ட 'பஸ் பேஸ்' என்னும் பெடலின் சுற்று. முதலாவது திரான்சிற்றர் கிற்றாரின் நலிந்த குறிப்பைப் பெருக்குகிறது. இரண்டாவது அதை மேலும் பெருக்குகிறது. மின்கலமோ ஒன்பது வோல்ற்று மாத்திரமே. அதற்குமேல் அலை எழும்ப இடமில்லாமையால் அதன் உச்சி, கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடும். அந்தத் தட்டையிலிருந்தே மூல சுரத்தோடு சேராதிருந்த மேற்சுரங்கள் பல பிறக்கின்றன. கரகரப்பின் இரகசியம் இவ்வளவே.

ஆதியில் இவற்றுக்கு ஜேர்மானியத் திரான்சிற்றர்களையே இட்டார்கள். அவற்றின் நாதம் மென்மையானதென்று இன்றும் தேடி வாங்குவோர் உண்டு. மன்னாருக்கு அவை ஆகா என்பது எமது அபிப்பிராயம். வெப்பம் பத்துப் பாகை ஏற, அவற்றின் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிக்கும். காலையில் இனிமையாகப் பாடிய பெட்டி நண்பகலில் திணறும். சிலிக்கனுக்கு இந்த உபத்திரவம் மிகக் குறைவு. மருமகன் விசாரித்தே சிலிக்கனை வாங்கியிருந்தான்.

பற்றாசு வைப்பதற்கு வேண்டியது பொறுமை. கோலின் நுனியால் கம்பியையும் பலகையின் செப்பையும் ஒருங்கே சூடாக்கி, அந்தச் சூட்டிலேதான் பற்றாசு உருகவேண்டும். கோலில் உருக்கி மேலே சொட்டவிட்டால் அது ஒட்டியதுபோல் தோன்றும், ஒட்டியிராது. சாளரம் திறந்திருக்கட்டும். பற்றாசில் ஈயம் கலந்திருந்தால் கைகழுவாமல் உணவைத் தொடலாகாது. மாணவர்களுக்கு இன்னொரு வார்த்தை: ஒன்பது வோல்ற்றுப் பெட்டியோடு விளையாடுங்கள், ஒலிபெருக்கியை மாத்திரம் திறவாதீர்கள். பழைய வால்வு ஒலிபெருக்கிகளில் மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் உயிர் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

இரண்டாம் நாள் மாலை வேலை முடிந்தது. மிதித்தோம். சிவப்பு ஒளிகாலும் இருவாயி அழகாக எரிந்தது. கிற்றாரோ ஊமையாயிற்று. தங்கை வாசற்படியில் வந்து நின்று, ஒன்றும் பேசாது அலுமாரியைப் பார்த்தாள்.

மருமகனின் முகம் வாடியது. ஆனாலும் பல்மானியை எடுத்தான். இரண்டாம் திரான்சிற்றரின் சேகரிப்பானில் ஏறத்தாழ நாலரை வோல்ற்று இருக்கவேண்டும். முள் முழு ஒன்பதையும் காட்டியது. சிறிது நேரம் யோசித்தான்.

"மாமா, தடையிக்குக் குறுக்கே அழுத்த வீழ்ச்சியே இல்லை. அப்ப, அதுக்குள்ளாலே மின்னோட்டம் போகேல்லை. ஓமின்ரை விதி. காலி பக்கம் எங்கையோ அறுந்திருக்கு."

உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். காலி முனையின் பற்றாசு பளபளப்பின்றிச் சாம்பல் நிற உருண்டையாக, கம்பியைத் தொடாமல் நின்றது. அந்த முனையைப் பற்றவைத்தவர் வேறு யாருமல்லர், நாமேதான்! மீண்டும் சூடுகாட்டி மிதித்தபோது எழுந்த முழக்கத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் கொடுத்தது.

இனிமேல் அவனுக்குப் பகை உப்புக்காற்றே. வாடையும் சோளகமும் மாறிமாறி வீசும் இத்தீவில் செப்பு விரைவிற் பச்சை பூக்கும்; ஆளியின் தொடுகைகள் கறுக்கும். சுற்றுப்பலகைக்கு மெல்லிய அரக்குப்பூச்சுப் பூசி, பெட்டியை இறுக்கி மூடினோம். திருகாணியொன்று மிஞ்சிவிட்டது, அது எவ்விடத்ததென்று இன்றுவரை தெரியவில்லை.

பெட்டியிலே தனியான மின்னாளி கிடையாது. கிற்றாரின் செருகியை உட்புகுத்தினால் மின்கலம் இணையும்; கழற்றினால் விடுபடும். செருகி இரவு முழுவதும் கிடந்தால் மின்கலம் வீணாகும். மருமகன் இதை அடிக்கடி மறந்துவிடுகிறான். நத்தாருக்குப் பின்னர் நாம் பேசாலையில் தங்கிய ஓர் இரவு, விளக்கணைக்குமுன் தங்கை திண்ணைக்கு வந்து குனிந்து, அந்தச் செருகியைத் தானே கழற்றிவைத்துவிட்டுப் போனாள்.