ஒற்றைக் கியரும் மலைப்பாதையும்

மேற்கே கொல்லிமலையும் கிழக்கே பச்சைமலையும் எழுந்து நிற்க, அவற்றின் இடைவெளியில் அமைந்த ஊர் தம்மம்பட்டி. அவ்வூரிலிருந்து எப்பக்கம் நோக்கினும் மலை தெரியும். பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியைப் பெறும் மாணவருக்கு, அதில் அம்மலைகளில் ஏறிப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பே. ஆயின் அவ்வண்டிக்கு ஒரே கியர். ஏற முடியுமா?

விடையைக் கணக்கிட்டே அறியலாம். நம் ஊர்ப் பெரிய சக்கர வண்டிகளில் முன்பற்சக்கரத்திற்கு 44 பற்களும் பின்பற்சக்கரத்திற்கு 18 பற்களும் இருப்பது வழக்கம். மிதிகட்டையை ஒருமுறை சுழற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ 2.44 முறை சுழலும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் எனின் வண்டி 5.4 மீட்டர் நகரும். அதே நேரத்தில் நம் பாதம் சுற்றிவருவதோ 1.07 மீட்டர்தான். அதாவது சாலையில் ஒரு பங்கு விசை வேண்டுமெனில் மிதிகட்டையில் ஐந்து பங்கு தரவேண்டும். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 95 கிலோ என்று கொள்வோம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில், மிதிகட்டையின்மேல் சராசரியாக 24 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் இடைவிடாது தேவைப்படும். சிறிது தூரம் முடியும். மலை முழுவதும் முடியாது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையிலோ 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன!

எனினும் ஒற்றைக் கியரில் மலையேறியோர் உண்டு. பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற மிதிவண்டிப் போட்டி 1910ஆம் ஆண்டிலேயே பிரனீசு மலைத்தொடரில் ஏறியது. கியர் மாற்றும் கருவிக்கோ அப்போட்டியில் 1937இல்தான் இசைவு கிடைத்தது. அதுவரை வீரர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பற்சக்கரங்களைப் பொருத்தியிருந்தனர். மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினர்.

இன்று பல கியர் வண்டிகள் கிடைத்தும், மலைக்கென்றே ஒற்றைக் கியர் வண்டியை விரும்பி ஓட்டுவோர் உள்ளனர். இதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. சேற்றில் சிக்கவும் பாறையில் மோதி வளையவும் அவ்வண்டியில் உறுப்புகள் குறைவு. பழுதுற்றாலும் சிற்றூர்க் கடையிலேயே சரிசெய்துவிடலாம். அவர்கள் முன்னே 32, பின்னே 20 என்பது போன்ற பற்களை அமைத்துக்கொள்கின்றனர். மிகச் செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளுகின்றனர். அதை எவரும் இழுக்காகக் கருதுவதில்லை.

பல நாள் பயணத்தில் மூட்டை கட்டுவதும் ஒரு கலையே. கனமான பொருள் தாழ்வாகவும் வண்டியின் நடுவிலும் இருத்தல் வேண்டும். பின்புறத் தாங்கியில் உயரமாக அடுக்கினால், ஏற்றத்தில் முன்சக்கரம் பிடிமானம் இழக்கும்.

ஏற்றத்தைவிட இறக்கமே அஞ்சத்தக்கது. நீண்ட இறக்கத்தில் பிரேக் கட்டைகள் உராய்ந்து சூடாகும். மழையில் நனைந்த எஃகு விளிம்பை அவை எளிதில் பற்றா. புறப்படுமுன் கட்டைகளின் தேய்மானத்தைப் பாராமல் மலையில் கால்வைப்பது அறியாமை. இறங்கும்போது இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்து, இடையிடையே நின்று ஆறவிடுதல் வேண்டும்.

நம் வண்டியில் பின்பற்சக்கரத்தை மட்டும் 22 பற்களுடையதாக மாற்றி, சங்கிலியை அதற்கேற்ப நீட்டினால் மேற்சொன்ன 24 கிலோ அழுத்தம் ஏறத்தாழ 20 கிலோவாகக் குறையும். அதற்கு ஈடாக, நிமிடத்திற்கு 60 சுற்று மிதிக்கும் ஒருவர் சமதரையில் மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மாறாக 16 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்வார்.