மெல்லச் செல்பவர் உணர்த்தும் பாடம்

தென்காசிக்கு அருகிலுள்ள இலத்தூரில் அருள்மிகு அறம்வளர்த்தநாயகி உடனுறை மதுநாத சுவாமி எழுந்தருளியுள்ளார். புளிய மரத்தடியில் தேன் சொட்டி நனைந்திருந்த லிங்கத்தை அகத்திய மாமுனிவர் கண்டு வழிபட்டார் என்பது தலவரலாறு. இத்தலத்துச் சனீஸ்வரரைத் தரிசிக்கவும் அன்பர்கள் வருகின்றனர்.

சனி பகவானுக்கு வடமொழியில் 'சனைச்சரன்' என்று பெயர். மெல்லச் செல்பவர் என்பது பொருள். சூரியனை ஒருமுறை சுற்றிவரச் சனிக் கோளுக்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. பேரக்குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் முதியோருக்கு இன்று மிகவும் வேண்டியது இந்த நிதானமே.

மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின், அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தக் கைபேசியைக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. அப்படியானால் குழந்தையின் கைக்கு எதைக் கொடுப்பது? வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய புதிர்கள் சில உண்டு.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு, அளவில் வெவ்வேறான மூன்று எவர்சில்வர் டப்பாக்களும் அவற்றின் மூடிகளும் போதும். எந்த மூடி எதற்குப் பொருந்தும் என்று அது தானே தேடும்.

இரண்டு வயதில், பழைய அட்டை ஒன்றின்மீது கைமணி, கிண்ணம், கரண்டி ஆகியவற்றை வைத்து, சுற்றிலும் கோடு வரைந்து கொடுக்கலாம். அந்தந்தப் பொருளை அதனதன் கோட்டுக்குள் குழந்தை வைக்க வேண்டும்.

மூன்று வயதை நெருங்கும்போது படப் புதிர் செய்யலாம். சுவாமி படங்களை வெட்ட மனம் வராது, வெட்டவும் வேண்டாம். மயில், காளை, காகம் போன்ற வாகனங்களைப் பெரிதாக வரைந்து, கெட்டி அட்டையில் மைதாப் பசையால் ஒட்டி, காய்ந்தபின் நேர்க்கோட்டில் இரண்டாக வெட்டினால் போதும். பழகியபின் நான்காக்கலாம். 'மயில் யாரைச் சுமக்கும்?' என்று கேட்டால் கதையும் கூடவே வளரும்.

ஓர் எச்சரிக்கை. புளியங்கொட்டை, மஞ்சாடி, சோழி, பொத்தான் ஆகியவை நாம் ஆடிக் களித்தவைதாம். ஆயினும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் அவற்றைக் கொடுக்கலாகாது. அவை தொண்டையில் சிக்கினால் மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகும். புதிரின் ஒவ்வொரு துண்டும் குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருக்கட்டும். குண்டூசி, ஸ்டேப்ளர் முள் கூடாது. பெரியவர் ஒருவர் எப்போதும் அருகிலிருக்க வேண்டும்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவரது முறையில், குழிகளில் பொருத்தும் மர உருளைகள் புகழ்பெற்றவை. ஓர் உருளையை மாற்றி வைத்தால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் மிஞ்சும். பிழையைப் பொருளே சொல்லிவிடுவதால் ஆசிரியர் கண்டிக்கத் தேவையில்லை. டப்பா மூடியும் அப்படித்தான்.

ஆனால் இங்கேதான் தாத்தா பாட்டியின் பாசம் குறுக்கே வரும். குழந்தை தடுமாறினால் நம் கை தானாக நீளும். 'இப்படி வை கண்ணே' என்று நாமே முடித்துவிடுவோம். அதனால் மூடி பொருந்துமே அன்றிக் குழந்தை எதையும் கற்காது. பத்து முறை தவறினாலும் மடியில் கைகளை வைத்துக்கொண்டு காத்திருப்பதே பெரியோர் செய்ய வேண்டிய உதவி. குழந்தை சலித்து எழுந்தால் வற்புறுத்தாமல் எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் மீண்டும் கொடுக்கலாம்.

அடுத்த முறை கோயிலுக்கு அழைத்துச் செல்லும்போது, நந்தியெம்பெருமானைக் கண்டதும் அந்தப் பிஞ்சு விரல் தானாகவே நீளக்கூடும். அதுவரை நாமும் மெல்லவே நடப்போம்.