தட்டின் நடுவே உள்ள பெயர்

சில மாதங்களாகச் சனிக்கிழமை இரவுகளில் நம் வீட்டிலே ஒரு விநோதமான சபை கூடி வருகிறது. நண்பர்கள் நாலைந்து பேர் வருவார்கள். ஒவ்வொருவரும் அந்த வாரம் தாம் கேட்டு ரஸித்த இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பது சபையின் முதல் விதி. தட்டு அமெரிக்க ஜாஸாகவோ, ஆரம்பகால ராக் அண்ட் ரோலாகவோ இருக்கவேண்டும் என்பது இரண்டாவது விதி. மூன்றாவது விதி கிடையாது; காப்பி மட்டும் உண்டு.

அடுத்த வீட்டுப் பெரியவர் கர்நாடக சங்கீதத்தில் ஊறித் திளைத்தவர். முதல் சனிக்கிழமையன்றே அவர் பதறிக்கொண்டு வந்து, "என்ன ஸார், பரண் ஏதாவது இடிந்து விழுந்துவிட்டதா?" என்று விசாரித்தார். அவரை உட்கார வைத்து, லூயி ஆம்ஸ்ட்ராங் 1928-ம் வருஷத்தில் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' என்ற தட்டைச் சுழலவிட்டோம். ஆரம்பத்தில் பக்கவாத்தியம் எதுவும் இல்லை. டிரம்பெட் ஒன்றே தன்னந்தனியாக எழும்பி, உச்சியைத் தொட்டு, வளைந்து நெளிந்து இறங்குகிறது. சில விநாடிகள்தான். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "இந்த ஊரிலும் மனோதர்மம் உண்டா?" என்று கேட்டார்.

உண்டு. ஜாஸின் உயிர்நாடியே அதுதான். மெட்டு எல்லோருக்கும் பொது. அதை வைத்துக்கொண்டு வித்வான் அந்தக் கணத்தில் என்ன கற்பனை செய்கிறார் என்பதே விசேஷம்.

மூன்று நிமிஷக் கச்சேரி

அக்காலத்துப் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷமே ஓடும். அதற்குள் ஒரு கச்சேரியையே அடக்கிவிட வேண்டும். கிங் ஆலிவர் என்பவரின் கோஷ்டி 1923-ம் வருஷத்தில் இந்தியானா மாகாணத்து ரிச்மண்ட் நகரில் பதிவு செய்த தட்டை ஒரு நண்பர் கொண்டுவந்தார். அப்போது மைக்ரோபோன் கொண்டு பதிவு செய்யும் முறை வரவில்லை. வித்வான்கள் அனைவரும் பெரிய புனல் ஒன்றின் எதிரே நின்று வாசிப்பார்கள். கோஷ்டியில் இரண்டாவது கார்னெட் வாசித்தவர் இளைஞர் ஆம்ஸ்ட்ராங். சிஷ்யனுடைய ஓசை குருவின் ஓசையை விழுங்கிவிட்டபடியால், அவரைப் பின்னால் தள்ளி நிற்க வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. கட்டடத்தை ஒட்டி ரயில் பாதை வேறே. வண்டி கடந்து போகும்வரை வேலையை நிறுத்திக் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தத் தட்டுகளின் உடம்பிலே நம் நாட்டின் பங்கும் இருந்தது. அவற்றில் சேர்ந்த அவலரக்கில் பெரும்பகுதி சோட்டா நாகபுரி போன்ற பிரதேசங்களின் மரங்களில் அரக்குப் பூச்சி உண்டாக்கியது. யுத்த காலத்தில், 1942-ம் வருஷம், அமெரிக்க அரசாங்கம் அவலரக்கின் உபயோகத்தைக் கட்டுப்படுத்தியபோது, அங்கே புதிய தட்டுகளுக்கே பஞ்சம் வந்தது. நமது வனங்களில் அரக்குச் சேகரித்த ஏழைகளின் பெயர் எந்தத் தட்டிலும் இல்லை.

யாருடைய பாட்டு?

பெயர் என்று சொன்னோம். தட்டின் நடுவே ஒட்டியுள்ள காகிதத்தில் சிறு எழுத்திலே பெயர்கள் அச்சிட்டிருக்கும். அதை வாசிக்கத் தொடங்கியது முதல் நம் சபையின் போக்கே மாறிவிட்டது.

ஜாஸ் பிறந்து வளர்ந்தது நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே. ஆனால் 1917-ம் வருஷத்தில் வெளிவந்த முதல் ஜாஸ் தட்டில் வாசித்த ஐவரும் வெள்ளையர்கள்! பில்லி ஹாலிடே என்ற கறுப்பினப் பெண்மணி, தம் மக்களை மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்ற கொடுமையைப் பற்றி 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' என்ற பாட்டைப் பாடிவந்தார். அவருடைய வழக்கமான கம்பெனி அதைப் பதிவு செய்ய இசையவில்லை. 1939-ம் வருஷம் கமோடோர் என்ற சிறிய கம்பெனி துணிந்து வெளியிட்டது. அந்தத் தட்டு ஓடி முடிந்த இரவில் நம் வீட்டில் யாரும் வெகுநேரம் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் நாம் உற்சாகமாக எல்விஸ் பிரெஸ்லியின் 'ஹவுண்ட் டாக்' தட்டை வைத்தோம். அது 1956-ம் வருஷத்தில் லட்சக்கணக்கில் விற்றது. பாட்டு அவருக்கே சொந்தம் என்று வெகுகாலம் நம்பியிருந்தோம். ஒரு நண்பர் சிரித்துக்கொண்டே பிக் மாமா தார்ன்டன் என்ற அம்மையாரின் தட்டை எடுத்தார். அவருக்காகவே எழுதப்பட்ட பாட்டு அது. அவர் 1952-ல் பதிவு செய்து, மறு வருஷம் வெளிவந்தது. அந்த அம்மையாரின் குரலில் அது, உதவாக்கரை ஆண்பிள்ளை ஒருவனை ஒரு பெண் வெளுத்து வாங்கும் பாட்டு. பிரெஸ்லியிடம் வந்ததும் அது வெறும் நாயைப் பற்றிய பாட்டாகிவிட்டது. நமக்கு வெட்கமாய்ப் போயிற்று.

பிரெஸ்லியின் முதல் தட்டு 1954-ல் வெளிவந்த 'தட்ஸ் ஆல் ரைட்'. அதை 1946-லேயே பாடிப் பதிவு செய்தவர் ஆர்தர் க்ரூடப். தமக்குச் சேரவேண்டிய பங்கு முழுவதும் கிடைக்காமலே 1974-ல் அவர் காலமானார். சக் பெர்ரி 1955-ல் பாடிய 'மேபலின்' பாட்டுக்கோ, ரேடியோ அறிவிப்பாளர் ஒருவரும் மற்றொருவரும் கூட்டு ஆசிரியர்கள் ஆகிவிட்டார்கள். தம் பாட்டு முழுவதும் தமதே என்று பெர்ரி மீட்டுக்கொள்வதற்கு 1986-ம் வருஷம் வரை ஆயிற்று.

நம் வீட்டுக் கதை

அமெரிக்கரைப் பழித்துவிட்டுச் சும்மா இருக்க நமக்கு நியாயம் இல்லை. பம்பாய் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்த கோவா வித்வான்கள் பலர், ஹிந்திப் படப் பாட்டுகளுக்கு வாத்திய அமைப்புச் செய்தார்கள். 'இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்' என்று பெயர் வாங்கிய சிக் சாக்லேட் அவர்களில் ஒருவர். பாட்டை ஊரெல்லாம் முணுமுணுத்தது. படத்தின் ஆரம்பத்திலோ, உதவியாளர் என்று ஒரு மூலையில் அவர்கள் பெயர் வந்தால் உண்டு. வராமற் போனதும் உண்டு.

ஆனாலும் நல்ல இசை எப்படியோ வெளியூர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 1977-ம் வருஷத்தில் வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் தங்க முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்றை வைத்து அனுப்பினார்கள். அதிலே ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட் இருக்கிறது. சக் பெர்ரியின் 'ஜானி பி. குட்' இருக்கிறது, நம் கேசர்பாயி கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. கண்காணாத அயலாருக்கு, "நாங்கள் கேட்டு மகிழ்ந்தது இது, நீங்களும் கேளுங்கள்" என்று மனித குலம் அனுப்பிய தட்டு அது. நம் சனிக்கிழமைச் சபையும் அதே காரியத்தைத்தானே செய்கிறது!

இப்போது அடுத்த வீட்டுப் பெரியவரும் சபையில் அங்கத்தினர். சென்ற வாரம் தட்டைச் சுழலவிடப் போன நம் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் இருங்கள், ஸார். முதலில் யார் யார் வாசிக்கிறார்கள் என்று படியுங்கள்" என்றார்.

படித்தோம். நேயர்களும் அவ்விதமே செய்வார்களாக.