ஃப்ராஸ்ட்பங்க் 2: முதல் பாகத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

குழந்தைகளை வேலைக்கு அனுப்பலாமா? 2018இல் வந்த ‘ஃப்ராஸ்ட்பங்க்’ வீடியோ கேமில், பனியில் உறைந்த நகரத்தின் தலைவர் நீங்கதான். ஒரு க்ளிக் போதும், சட்டம் ரெடி.

2024இல் வந்த இரண்டாம் பாகத்தில் அது செல்லாது. 100 பேர் கொண்ட மன்றத்தில் சாதாரண சட்டத்துக்கே 51 ஓட்டு வேணும். ஓட்டு குறைஞ்சா, ஏதாவது ஒரு கோஷ்டிக்கு வாக்குறுதி கொடுத்து ஆதரவு வாங்கணும். சொன்னதைச் செய்யலைன்னா அவங்க திரும்பிடுவாங்க. கட்டடம் கட்டடமாகக் கட்டியது போய் இப்போ பேட்டை பேட்டையாகக் கட்டணும். நிலக்கரியோடு எண்ணெயும் வந்தாச்சு.

எது நிஜத்துக்குப் பக்கம்? சிவகாசியைப் பார்த்தாலே தெரியும். தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1986லேயே சட்டம் வந்தது. அப்புறமும் 1996இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மீறும் முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்டணும் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது.