சுக்கான் திரும்பியும் கப்பல் திரும்பாதது ஏன்?

2024ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் திகதி அதிகாலை, அமெரிக்காவின் பால்ட்டிமோர் துறைமுகத்திலிருந்து எமது கொழும்பை நோக்கிப் புறப்பட்ட 'டாலி' என்ற கொள்கலன் கப்பல் பாலமொன்றின் தூணில் மோதியது. பாலம் சரிந்தது. அதன்மீது திருத்த வேலையில் ஈடுபட்டிருந்த 6 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மோதுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர் கப்பலில் மின்சாரம் தடைப்பட்டிருந்தது. சுக்கானை இடப்புறம் திருப்புமாறு வழிகாட்டி மாலுமி பணித்தார். நங்கூரத்தையும் இறக்கச் சொன்னார். ஆயினும், ஏறத்தாழ 300 மீற்றர் நீளமான அக்கப்பல் வழிக்கு வரவில்லை.

சுக்கான் என்பது கப்பலின் பின்புறத்தில், நீருக்குள் நிற்கும் ஒரு தட்டையான பலகையே. 'சுக்கான்' என்பதும் அதைக் கையாளும் 'மாலுமி' என்பதும் அரபு மொழியிலிருந்து எம்மிடம் வந்த சொற்கள். கடல் வணிகம் இரு மொழிகளையும் எவ்வளவு நெருக்கமாக்கியது என்பதற்கு இவ்விரு சொற்களே போதிய சான்று எனலாம்.

இப்பலகை தானாகக் கப்பலைத் திருப்புவதில்லை. அதைக் கடந்து ஓடும் நீரே திருப்புகிறது. சுக்கான் வலப்புறம் சாயும்போது நீர் அதன் வலப்பக்கத்தில் மோதி அழுத்துகிறது. அந்த அழுத்தம் கப்பலின் பின்பகுதியை இடப்புறம் தள்ள, முன்பகுதியாகிய அணியம் வலப்புறம் திரும்புகிறது. அதாவது, கப்பல் முகத்தால் அன்றி வாலால் திருப்பப்படுகிறது. இறங்குதுறையை ஒட்டி நிற்கும் படகை அவசரமாகத் திருப்பினால் அதன் பின்பகுதி துறையில் இடித்துக்கொள்வது இதனாலேயே. சுக்கானை அளவுக்கு மீறித் திருப்புவதாலும் பயனில்லை. நீரோட்டம் பலகையை விட்டு விலகிவிடும் என்பதால், பெரும்பாலான கப்பல்களில் அது 35 பாகைக்கு மேல் திரும்புவதில்லை.

ஓடும் நீர் இல்லையேல் சுக்கான் வெறும் பலகைதான். கப்பலின் உந்துசுழலி பின்நோக்கித் தள்ளும் நீர் நேராகச் சுக்கானில் விழும்வண்ணமே இரண்டும் அமைக்கப்பட்டுள்ளன. டாலியின் இயந்திரம் நின்றதும் அந்த நீர்வீச்சும் நின்றது. கப்பல் முன்னைய வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தபோதிலும், சுக்கானின் வலு பெரிதும் குன்றிப்போயிற்று. சரிவரப் பொருத்தப்படாத ஒரு மின்கம்பி இணைப்பே மின்தடைக்குக் காரணம் என 2025இல் அமெரிக்க விசாரணையாளர்கள் முடிவுசெய்தனர்.

எமது கரையோர மீனவரின் வெளியிணைப்பு இயந்திரப் படகுகளில் தனியான சுக்கான் இல்லை. இயந்திரத்தையே திருப்பி, நீரைத் தள்ளும் திசையை மாற்றுகின்றனர். கைபிடியை இடப்புறம் தள்ளினால் படகு வலப்புறம் செல்லும். புதிதாகப் பழகுவோர் தடுமாறும் இடம் இது.

விமானத்தின் செங்குத்தான வாலின் பின்விளிம்பிலும் சுக்கான் உண்டு. நீருக்குப் பதில் காற்று. சக்கரத்துக்குப் பதில் விமானியின் காலடியிலுள்ள மிதிகள். ஆனால் விமானம் கப்பலைப்போல் சுக்கானால் திரும்புவதாக எண்ணுவது தவறு. இறக்கைகளைச் சரித்தே அது திரும்புகிறது. அவ்வேளை மூக்கு எதிர்ப்புறம் விலகாமல் பார்ப்பதும், குறுக்குக் காற்றில் தரையிறங்கும்போது ஓடுபாதைக்கு நேராக நிறுத்துவதும், ஒருபக்க இயந்திரம் செயலிழந்தால் ஈடுசெய்வதுமே சுக்கானின் பணி.

துணைப்பணிதானே என்று அதனை இலேசாகக் கருதவும் முடியாது. 2001 நவம்பர் 12ஆம் திகதி நியூயோர்க்கில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானமொன்று, முன்னே சென்ற விமானம் கிளப்பிய காற்றுச் சுழலில் அகப்பட்டது. துணை விமானி சுக்கான் மிதிகளை வலமும் இடமுமாக மாறி மாறிப் பலமாக மிதித்தார். அதனால் ஏற்பட்ட பக்கவாட்டு விசையைத் தாங்கமாட்டாமல் செங்குத்து வால் முற்றாகப் பிய்ந்து விழுந்தது. தரையில் இருந்த ஐவர் உட்பட 265 பேர் மாண்டனர். விமானம் குறிப்பிட்ட வேகத்துக்குள் பறக்கும்போது சுக்கானை எப்படி அசைத்தாலும் கட்டமைப்புத் தாங்கும் எனப் பல விமானிகள் அதுவரை நம்பியிருந்தனர். ஒரு தடவை முழுமையாக அசைப்பதற்கே அந்த உத்தரவாதம் பொருந்தும், மாறி மாறி அசைப்பதற்கு அல்ல என்பது இவ்விபத்தின் பின்னரே விமானிகளுக்குத் தெளிவாக எடுத்துரைக்கப்பட்டது.