தீனியில்தான் இருக்கிறது இறைச்சியின் பக்குவம்

"இறைச்சி ரப்பர் மாதிரி இருக்குது காக்கா" என்று வாடிக்கையாளர் முறையிட்டால் கடைக்காரர் சமையலைக் குறை சொல்வார். சமைத்தவர் கடையைக் குறை சொல்வார். பல வருடமாக மாடு வாங்கி விற்பவன் என்ற முறையில் நான் பட்டியைத்தான் விசாரிப்பேன்.

கன்று பிறக்கும்போதே அதன் தசைநார்களின் எண்ணிக்கை அநேகமாக முடிவாகிவிடுகிறது. பிறகு நாம் போடும் தீனி அந்த நார்களைத் தடிக்கச் செய்யுமே தவிர புதிதாக உண்டாக்காது. நார்களைக் கட்டி வைத்திருக்கும் சவ்வில் கொலாஜன் என்றொரு புரதம் உண்டு. இளம் பிராணியில் அது கொதியில் கரைந்துவிடும். வயது ஏற ஏற இறுகிப்போய், எவ்வளவு அவித்தாலும் முழுதாகக் கரையாது. பால் வற்றிய கிழட்டுப் பசுவுக்குக் கடைசி நேரத்தில் புண்ணாக்கைக் கொட்டினால் கொழுப்பு வைக்கும், நிறை கூடும். மென்மை பெரிதாக வராது. பப்பாசிக்காய் தடவுவதெல்லாம் குசினி வைத்தியம்.

ஆகவே லாபம் நாம்பனில்தான். வெறும் வைக்கோல் தின்று வளரும் நாம்பன் விற்கும் நிறைக்கு வருவதற்குள் அதன் இளமை போய்விடும். நன்றாகத் தின்றது அதே நிறையை வெகு முந்தியே எட்டிவிடும். இதுதான் முழு விஷயமும்.

வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நான்கு அளவில்தான் உள்ளது. அதைச் செரிக்க வைப்பவை மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள். அவற்றுக்குப் புரதம் போதாவிட்டால் வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பில் ஒட்டாது. வேலியில் சும்மா நிற்கும் சீமைக்கிளுவை இலையை உலர்த்திப் பார்த்தால் நூற்றுக்கு இருபதுக்கு மேல் புரதம். வாடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் மாடு தின்னும். காசு கொடுத்துத் தீனி வாங்குவோர் இதை ஏன் கவனிப்பதில்லையோ தெரியவில்லை.

வரட்சியில் மெலிந்த நாம்பனை மலிவாக வாங்கி, பூச்சி மருந்து கொடுத்து, நல்ல தீனி போட்டால் அது இழந்ததைப் பிடிக்க வழமையை விட வேகமாக வளரும். மெலிவு பசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பார்த்து வாங்குவதுதான் கெட்டித்தனம். ஆனால் அவசரப்பட்டு ஒரேயடியாக அரிசியும் சோறும் கொட்டக் கூடாது. வயிற்றில் புளிப்பு ஏறி மாடு செத்தும் போகும், முதலும் போய்விடும்.

இன்னொன்று, கடைசி நாட்கள். தசையில் சேர்ந்திருக்கும் ஒருவகைச் சர்க்கரைச் சத்து, அறுத்த பிறகு அமிலமாக மாறுவதால்தான் இறைச்சி நல்ல சிவப்பாகிறது, சீக்கிரம் பழுதாகாமல் நிற்கிறது. லொறியில் நெருக்கி ஏற்றி, பட்டினி போட்டு, அடித்து இறக்கினால் அந்தச் சத்து உயிரோடு இருக்கும்போதே எரிந்து தீர்ந்துவிடும். அறுத்தால் இறைச்சி கறுத்து, பிசுபிசுத்து, விரைவில் கெடும். ஓரிரவு ஓய்வில் அது மீளாது. அறுக்கும் பிராணிக்கு வேதனை கொடுக்காதே என்று மார்க்கம் சொல்வதைக் கேட்டு நடந்தால் வியாபாரத்துக்கும் நட்டமில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய இரவு வந்திறங்கும் மாட்டை விட, மூன்று நான்கு நாள் முந்தி வந்து, நிழலில் நின்று, தின்று குடித்த மாட்டுக்கு நான் கொஞ்சம் கூடுதலாகவே விலை கொடுப்பேன்.