கிளையிலிருந்து கிளைத்த சொல்

'குளோன்' என்னும் ஆங்கிலச் சொல் இன்று ஆய்வுக்கூடத்தையும் திரைப்படத்தையும் நினைவூட்டினாலும், அதன் மூலமான கிரேக்கச் சொல் சிறு கொம்பை மட்டுமே குறித்தது. விதையின்றி, வெட்டுத்துண்டாலும் ஒட்டாலும் கிழங்காலும் ஒரே தாய்ச்செடியிலிருந்து பெருக்கப்படும் செடிக்கூட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தபோது, அமெரிக்கத் தாவரவியலாளர் ஹெர்பர்ட் வெபர் 1903ஆம் ஆண்டில் அச்சொல்லை எடுத்து ஆண்டார்.

அவர் கருதிய பொருளை டயகம முதலான இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் தவறணைகளில், அதாவது நாற்றுமேடைகளில், கண்ணெதிரே காணலாம். விதையில் இரு செடிகளின் மரபு கலப்பதால், பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடியைப் போல் மற்றொன்று இருப்பதில்லை. ஒன்று முந்தித் துளிர்க்கும், ஒன்று கொழுந்தே குறைவாகத் தரும். 1925இல் தோன்றி, பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், சிறந்த செடிகளைத் தேர்ந்து, அவற்றின் கொம்புகளை ஓர் இலையும் அதன் கக்கத்து மொட்டும் உள்ள துண்டுகளாக வெட்டிப் பெருக்கும் முறையைப் பரப்பியது. பொலித்தீன் பைகளில் நட்டு, நிழலில் மாதக்கணக்கில் பேணப்படும் அத்துண்டுகள் வேர்விட்டு மலையேறியபோது, பதியமுறை இனப்பெருக்கம் எனப் பாடநூல் கூறும் அதனைத் தோட்ட மக்கள் ஆங்கில முதலெழுத்துகளால் 'வீ.பி. தேயிலை' என்றனர். அந்நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகளைத் தாங்கிய 'டி.ஆர்.ஐ. 2025' என்னும் வகைச் செடிகள் எத்தனை மலைகளில் நின்றாலும், மரபால் அவை அனைத்தும் ஒரே செடியே. அதுவே அவற்றின் வலிமை. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கக்கூடும் என்பதால் அதுவே அச்சமும் ஆகும். வெட்டுத்துண்டுக்கு உண்மையான ஆணிவேர் அமையாததால், வறட்சியை விதைத் தேயிலையே பொதுவாக நன்கு தாங்குகிறது.

இந்தியக் குடியுரிமை பெற்றிருந்த உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1963இல் 'குளோன்' என்னும் சொல்லை மனிதருக்கும் பொருத்திப் பேசினார். 1996இல் ஸ்கொட்லாந்தில் டொலி என்னும் செம்மறியாடு குளோன் முறையில் பிறந்த பின் அச்சொல் உலகெங்கும் பரவியது. தமிழில் 'நகல்' என்று வழங்குவது தாளின் பிரதியை நினைவூட்டுகிறதே தவிர, உயிருள்ள கொம்பை நினைவூட்டுவதில்லை. ஆகவே இச்சொல்லுக்கு விளக்கம் எழுதுவோர், டொலிக்கு முன்பே தவறணையில் கொம்பு வெட்டி நட்ட கைகளை முதல் எடுத்துக்காட்டாகக் காட்ட வேண்டும்.